வாடையும் சோழகமும் தெரிந்த கரை: யாழ். குடாநாட்டில் ஒரு பாய்ப்படகுப் போட்டிப் பருவத்துக்கு என்ன வேண்டும்?

தைப்பொங்கல் பிற்பகலில் வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போனால் கூட்டம் முழுவதும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். வருடாவருடம் நடக்கும் பட்டப்போட்டி அது. விதம்விதமான பெரிய பட்டங்கள் வாடைக்காற்றில் ஏறும்போது, ஒவ்வொன்றின் கயிற்றையும் பல இளைஞர்கள் சேர்ந்து பிடித்து நிற்பார்கள். முச்சையை எந்த இடத்தில் கட்டவேண்டும், வால் எவ்வளவு நீளம் வேண்டும், காற்று விழுந்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதெல்லாம் அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

நானும் மேலே பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கழுத்து நோவெடுத்த பிறகு கடலைப் பார்த்தேன். கரையில் இழுத்துவிட்டிருந்த படகுகள் எல்லாம் இயந்திரப் படகுகள். என் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு பாயைக்கூடக் காணவில்லை. வானத்தில் காற்றைப் பிடிக்க இவ்வளவு பேருக்குத் தெரிந்த ஊரில், அதே காற்றைக் கடலில் பிடிக்கும் பிள்ளை ஒன்று அன்றைக்கு இல்லை.

ஊரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நண்பர்கள் சிலர், குடாநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பாய்ப்படகுக் கழகம் தொடங்குவது பற்றி அவ்வப்போது பேசுவார்கள். கழகம் என்றால் வருடத்துக்கு ஒரு போட்டிப் பருவமும் வேண்டும். அந்தப் பேச்சு எப்போதும் “படகு என்ன விலை?” என்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். மற்ற இடங்களில் இப்படியான கழகங்கள் ஒரு பருவத்துக்கு எப்படித் தயாராகின்றன என்று தேடிப் படித்த பிறகு, விலைக் கேள்வி கடைசியில் கேட்கவேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முன்பு காற்று, காவற்படகு, விதிகள், கடலை ஏற்கெனவே பயன்படுத்துபவர்களின் சம்மதம் என்று நான்கு விடயங்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

அமெரிக்கா வரை போன பாய்

முதலில், இது வெளியிலிருந்து கொண்டுவரப்படும் விளையாட்டா என்ற கேள்வி.

1930இல் வல்வெட்டித்துறையில் ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பல் கட்டப்பட்டது. நீளம் 89 அடி. உள்ளூர் மேத்திரிமாரின் கைவேலை. 1928 முதல் 1931 வரை ‘ஸ்வாப்’ என்ற சிறிய பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் பின்னாளில் இந்தக் கப்பலை வாங்கினார். மனைவியின் பெயரால் அதற்கு ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயரிட்டார். 1937இல் இங்கிருந்து புறப்பட்ட கப்பல் ஏடன், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்மியூடா வழியாக 1938 ஆகஸ்டில் மசசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை உட்பட வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஐந்து கடலோடிகள் அதில் இருந்தார்கள்.

இந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்வோம். ஆனால் அந்தக் கப்பல் தனியான ஓர் அதிசயமாக வந்தது போலச் சொல்லிவிடுகிறோம். அது அப்படி வரவில்லை. தமிழ்நாட்டுக் கரைக்கும் வங்காள விரிகுடாவின் மறுபக்கத்துக்கும் தோணிகள் போய்வந்த ஒரு தொழிலின் நடுவில்தான் அது பிறந்தது. மரம் தேர்ந்தெடுக்கத் தெரிந்த ஓடாவி, பாய் தைக்கத் தெரிந்தவர், எந்த மாதத்தில் எந்தக் காற்றில் புறப்படவேண்டும் என்று தெரிந்த தண்டையல் ஆகியோர் ஒரே ஊரில் இருந்தார்கள். பதினைந்து வயதுப் பையன் கப்பலில் ஏறி, பெரியவர்களிடம் திட்டு வாங்கி, கயிறு பிடித்துப் பழகினான். அந்தச் சங்கிலிதான் கப்பலை அமெரிக்காவுக்கு அனுப்பியது.

பாய் இறங்கிய கதை

சங்கிலி ஒரே நாளில் அறுந்துபோகவில்லை.

முதலில் வந்தது இயந்திரம். 1950களின் பிற்பகுதியிலிருந்து இலங்கை அரசு மீன்பிடியை இயந்திரமயமாக்கத் தொடங்கியது. பிறகு கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் வந்தன. இலங்கை–நோர்வே கூட்டுத் திட்டமான சீநோர், காரைநகரில் படகுத் தொழிற்சாலை நடத்தியது. இயந்திரம் வந்ததில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. எதிர்காற்றில் நாள் முழுக்க அலைந்தவனுக்கு அது விடுதலை.

அடுத்து வந்தது போர். 1980களின் நடுப்பகுதியில் வடகடல் கண்காணிப்பு வலயமாகவும் தடைசெய்யப்பட்ட வலயமாகவும் ஆனது. எந்த நேரத்தில் கடலுக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை குதிரைவலு இயந்திரம் பூட்டலாம் என்பதைக் கடற்படை தீர்மானித்தது. கடற்கரைக் கிராமங்கள் பல, உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் போயின. ஒரு தலைமுறைக்குக் கடல் என்பது பாஸ் எடுத்துப் போகும் இடமாக, அல்லது போகவே கூடாத இடமாக இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து, இருந்த பயத்தை இன்னும் கூட்டியது.

மூன்றாவது காரணத்தை நாம் பெரிதாகப் பேசுவதில்லை. கடற்றொழில் செய்யும் வீடுகளிலேயே, “கடலுக்குப் போகாதே, படி” என்று சொல்லி வளர்க்கிறார்கள். கடற்றொழிலைச் சாதியோடு சேர்த்துத் தாழ்வாகப் பார்க்கும் யாழ்ப்பாணத்து மனநிலைதான் அந்தப் பெற்றோரை அப்படிச் சொல்லவைக்கிறது. கடலோடு தொடர்பில்லாத வீடுகளில் கடல் என்பது கசூரினாவில் குளிப்பதும் பண்ணையில் காற்று வாங்குவதும்தான். ஆக, கடல் தெரிந்தவர்கள் பிள்ளைகளை அதிலிருந்து விலக்குகிறார்கள். மற்றவர்கள் அதன் பக்கம் பிள்ளைகளை அனுப்பியதே இல்லை.

2022இல் ஒரு நினைவூட்டல் கிடைத்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் நாட்கணக்கில் கரையில் கிடந்தன. அந்த ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. சோழகம் நன்றாக வீசிக்கொண்டிருந்த மாதம் அது. காற்றுக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை என்று அப்போது பலர் பகிடியாகச் சொன்னார்கள். பகிடிதான், ஆனால் பாய் கட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்ற கேள்வி அதற்குள் இருந்தது.

எதிர்காற்றில் படகு எப்படிப் போகிறது?

பாய்ப்படகு காற்று தள்ளும் திசையில் மட்டும் போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை சரிவாக அதனால் முன்னேற முடியும்.

பட்டம் ஏற்றியவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பட்டம் காற்றோடு அடிபட்டுப் போவதில்லை. முச்சை அதை ஒரு சரிவில் பிடித்துவைப்பதால் மேலே ஏறுகிறது. பாயும் அப்படித்தான். கயிற்றை இழுத்தும் விட்டும் பாயின் சரிவை மாற்றும்போது, அது படகைப் பக்கவாட்டிலும் முன்னோக்கியும் இழுக்கிறது. பக்கவாட்டில் வழுகாமல் தடுப்பது படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கப்படும் ஒரு பலகை. மிஞ்சுவது முன்னோக்கிய இழுவை.

நேரே காற்றுக்கு எதிரில் இருக்கும் இடத்துக்குப் போகவேண்டுமானால், ஒருமுறை வலப்பக்கச் சரிவு, ஒருமுறை இடப்பக்கச் சரிவு என்று வளைந்து வளைந்து போகவேண்டும். எப்போது திரும்புவது, எந்தப் பக்கத்தில் காற்று கூடுதலாக இருக்கிறது, தண்ணீரின் மேல் கருமையாக ஓடிவரும் சுருக்கம் எப்போது வந்து சேரும் என்று கணக்குப் போடுவதுதான் இந்த விளையாட்டின் மூளை. பலம் உள்ளவன் வெல்லும் விளையாட்டு இது என்று சொல்ல முடியாது. கவனிப்பவன் வெல்லும் விளையாட்டு.

ஐந்து நிமிடத்தில் தொடங்கும் போட்டி

பாய்ப்படகுகளை ஒரு கோட்டில் நிறுத்திவைத்துத் தொடங்க முடியாது. அதனால் உலகம் முழுவதும் ஒரே முறை பயன்படுகிறது. நங்கூரமிட்ட ஒரு படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கற்பனைக் கோடு. தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தப் படகு வகைக்குரிய கொடி ஒலியோடு ஏறும். நான்கு நிமிடத்தில் ஆயத்தக் கொடி ஏறும். ஒரு நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி இறங்கும். முதற்கொடியும் இறங்கினால் போட்டி தொடங்கிவிட்டது. அந்த ஐந்து நிமிடமும் படகுகள் கோட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும். முந்திக் கோட்டைத் தாண்டினால் திரும்பிவந்து மறுபடி தொடங்கவேண்டும்.

பிறகு மிதவைகளைச் சுற்றிய ஓட்டம். முதல் மிதவை வழக்கமாகக் காற்று வரும் திசையில் இருக்கும். வழியில் இரண்டு படகுகள் முட்டும் நிலை வந்தால் யார் விலகுவது? அடிப்படை விதிகள் மூன்றுதான். காற்றை வலப்பக்கமாக வாங்கும் படகுக்கு, இடப்பக்கமாக வாங்கும் படகு வழிவிடவேண்டும். இரண்டும் ஒரே பக்கமாகக் காற்று வாங்கினால், காற்று வரும் பக்கத்தில் இருக்கும் படகு விலகவேண்டும். பின்னால் வருவது முன்னால் போவதற்கு வழிவிடவேண்டும்.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. சாதாரணக் கழகப் போட்டியில், விசில் ஊதிக்கொண்டு பின்னால் வரும் நடுவர் கிடையாது. பிழை விட்டவர் தானே ஒத்துக்கொண்டு, மற்றப் படகுகளிலிருந்து விலகி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஓட்டத்தைத் தொடரவேண்டும். மிதவையில் முட்டினால் ஒரு சுற்று. விதிப்புத்தகம் நான்கு வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. இப்போது நடைமுறையில் இருப்பது 2025–2028 காலத்துக்கு உரியது. அதன் முதல் விதி வெல்வதைப் பற்றியதே அல்ல: ஆபத்தில் இருப்பவருக்கு எல்லோரும் இயன்ற உதவியைச் செய்யவேண்டும். கடலுக்குப் போகும் எந்த ஊரிலும் இந்த வழக்கத்தைப் புத்தகம் பார்த்துப் படிக்கத் தேவையில்லை.

ஒரு பருவம் என்பது பல ஓட்டங்களின் தொகுப்பு. முதலாம் இடத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2 என்று எண்ணி, கடைசியில் குறைந்த புள்ளி பெற்றவர் வெல்வார். பெரும்பாலும் ஒவ்வொருவருடைய மிக மோசமான ஓட்டம் கணக்கிலிருந்து நீக்கப்படும். ஒருநாள் காற்று ஏமாற்றியதற்காகவோ ஒரு கயிறு அறுந்ததற்காகவோ ஒரு பிள்ளையின் பருவம் முழுவதும் வீணாகக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

எல்லோரிடமும் ஒரே வகைப் படகு இல்லாவிட்டால்? அதற்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு வகைப் படகுக்கும் அதன் வேகத்துக்கு ஏற்ப ஓர் எண் கொடுப்பார்கள். எடுத்த நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுப்பார்கள். எண் 1100 உள்ள வேகமான படகு 44 நிமிடத்தில் வந்தால் திருத்திய நேரம் 40 நிமிடம். எண் 1500 உள்ள மெதுவான படகு 57 நிமிடத்தில் வந்தால் 38 நிமிடம். பின்னால் வந்த படகுதான் வென்றது. குடாநாட்டுக் கழகம் ஒன்றுக்கு இந்தக் கணக்கு முக்கியமானது. வெளியிலிருந்து வந்த சிறுவர் படகும் பாய் கட்டிய ஊர் வள்ளமும் ஒரே போட்டியில் இறங்க இது வழிவிடுகிறது.

எங்கள் காற்றுக்கு ஒரு நாட்காட்டி

ஐரோப்பியக் கழகங்கள் பல குளிர்காலத்தில் படகுகளை மூடிவைத்து வசந்தத்தில் பருவத்தைத் தொடங்கும. எங்களுக்கு அந்த நாட்காட்டி பொருந்தாது. இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது இரண்டு காற்றுகள்.

வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகம் தென்மேற்கிலிருந்து பலமாக வீசும். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை போன்ற வடகரைகளில் அப்போது தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும். கரையோரம் கடல் தட்டையாக, பார்க்க அமைதியாக இருக்கும். புதிதாகப் பழகுபவருக்கு அதுதான் ஆபத்து. கயிறு அறுந்த படகு பாக்குநீரிணையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் தாழமுக்கமும் சூறாவளியும் வரக்கூடிய காலம். 1964 டிசம்பர் சூறாவளியைப் பழைய ஆட்கள் இன்னமும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் படகுகளைக் கவிழ்த்துக் கட்டிவைப்பதுதான் புத்தி.

மிஞ்சுவது தை, மாசி, பங்குனி. மழை ஓய்ந்து, வாடை சீராக வீசி, மெல்ல மெல்லத் தணியும் காலம். பட்டத்துக்கு நல்ல காற்று படகுக்கும் நல்லது. ஆக, குடாநாட்டுப் போட்டிப் பருவம் தைப்பொங்கலுக்குப் பிறகு தொடங்கிப் பங்குனியில் முடியலாம். காற்று மெலிந்திருக்கும் பங்குனி, சித்திரை மாதங்கள் புதிய பிள்ளைகள் பழக நல்லவை. சோழகத்தில், பழகியவர்கள் மட்டும் கடல்நீரேரிக்குள் ஓடலாம்.

கடல்நீரேரிதான் எங்களுக்குக் கிடைத்த பெரும் வசதி. சுமார் 400 சதுர கிலோமீற்றர் பரப்பு. பெரும்பகுதி ஆழம் குறைந்தது. வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் நீரோட்டம் பெரும் தொல்லை தராது. கவிழ்ந்த பிள்ளை பல இடங்களில் எழுந்து நிற்கலாம். ஆனால் படகின் நடுப்பலகை முழுதாக இறங்க ஏறக்குறைய ஒரு மீற்றர் தண்ணீராவது வேண்டும். அதனால் ஆழம் அளந்து, வற்று நேரம் பார்த்து ஓட்டப்பாதை வரையவேண்டும். அதைச் சொல்லித்தரக் குருநகரிலும் பாசையூரிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பருவத்துக்கு முந்திய வேலைகள்

பருவம் தையில் தொடங்கினால் வேலை கார்த்திகையில் தொடங்கவேண்டும்.

முதலாவது, நீச்சல். ஐம்பது மீற்றர் நீந்தத் தெரியாத பிள்ளை படகில் ஏறக்கூடாது. நீந்தத் தெரிந்த பிள்ளையும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறக்கூடாது. கடலால் சூழப்பட்ட இந்தக் குடாநாட்டில் நீந்தத் தெரியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். பெண் பிள்ளைகளில் இன்னும் கூடுதல். ஒரு படகுகூட இல்லாமல், இந்த ஒரு வேலையை மட்டும் ஒரு கழகம் செய்தாலும் அது வீண்போகாது.

இரண்டாவது, கவிழ்க்கப் பழகுவது. பாய்ப்படகுப் பயிற்சியில் ஆரம்பத்திலேயே படகை வேண்டுமென்று கவிழ்க்கச் சொல்வார்கள். பிள்ளை நடுப்பலகையில் ஏறி, உடல் பாரத்தைக் கொடுத்து, படகை நிமிர்த்தி உள்ளே ஏறவேண்டும். அதைப் பத்துமுறை செய்த பிள்ளைக்குக் கவிழ்வதில் பயம் போய்விடும். எங்கள் பெற்றோருக்கு இதை முன்கூட்டியே விளங்கப்படுத்தாவிட்டால் முதல் நாளே கழகம் மூடப்பட்டுவிடும்.

மூன்றாவது, காவற்படகு. ஓட்டம் நடக்கும் நேரம் முழுவதும் இயந்திரம் பூட்டிய படகு ஒன்றாவது, இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது, பக்கத்தில் நிற்கவேண்டும். அதை ஓட்டுபவருக்குக் கடலும் தெரியவேண்டும், முதலுதவியும் தெரியவேண்டும். காவற்படகு வராத நாளில் ஓட்டம் இல்லை. காற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் இல்லை. இந்த ஒரு வேலைக்கு உள்ளூர்க் கடற்றொழிலாளரை நாட்கூலி கொடுத்து அமர்த்துவதே சரியானது.

நான்காவது, படகு பார்ப்பது. ஒவ்வொரு கயிற்றையும் உருவிப் பார்த்து நைந்ததை மாற்றுவது, பாயின் தையலைப் பார்ப்பது, சுக்கான் பூட்டும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. இப்போதைய சிறு பாய்ப்படகுகள் பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனவை. மீன்பிடிப் படகுக்கு ஒட்டுப்போடத் தெரிந்தவர்கள் எங்கள் துறைகளில் நிறையப் பேர். ஒரு வெடிப்புக்காகப் படகைக் கொழும்புக்கு ஏற்றத் தேவையில்லை.

கடல் ஏற்கெனவே யாருடையதோ

இந்தப் பகுதியைத் தவறவிட்டால் மற்ற எல்லாமே வீண்.

தூரத்தில் நின்று பார்ப்பவருக்குக் கடல்நீரேரி வெறும் தண்ணீராகத் தெரியும். அங்கே தொழில் செய்பவருக்கு அது வேலிகளும் பாதைகளும் உள்ள காணி. சிறகுவலைக்கு நட்ட தடிகள், களங்கண்ணி, நண்டுவலை, அண்மை வருடங்களில் பெருகிய கடலட்டைப் பண்ணைகள். பண்ணைகள் தங்கள் மீன்பிடிப் பரப்பையும் படகுப் பாதையையும் அடைக்கின்றன என்று சிறுதொழிலாளர் பலமுறை போராடியிருக்கிறார்கள். வடகடலிலோ இந்திய இழுவைப்படகுகளால் வலை அறுபட்ட கோபம் இன்னமும் ஆறவில்லை. இப்படி ஒவ்வோர் அடிக்கும் வழக்கு உள்ள தண்ணீரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது வெள்ளைப் பாய்கள் திடீரென்று இறங்கினால், “இனி இவர்களுமா?” என்றுதான் கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.

ஆகவே பருவத்தின் முதல் கூட்டம் அந்தந்தத் துறையின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நடக்கவேண்டும். எந்தப் பரப்பு, எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதை அவர்களோடு இருந்து வரையவேண்டும். வலை சேதமானால் யார் பணம் கட்டுவது என்று முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டும். அதன் பிறகுதான் கடற்றொழில் திணைக்களம், கரையோரம் பேணல் திணைக்களம், கடற்படை என்ற வரிசை. அரச அனுமதி இருந்தும் ஊர்ச் சம்மதம் இல்லாத திட்டங்கள் எங்கள் கரைகளில் என்ன ஆயின என்பது எல்லோருக்கும் தெரியும்.

யாருடைய பிள்ளைகள்?

பாய்ப்படகோட்டம் பணக்காரரின் விளையாட்டு என்பதில் உண்மை இருக்கிறது. 1911இல் தொடங்கிய சென்னையின் றோயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்றவை காலனி ஆட்சியின் துரைமாருக்காகப் பிறந்தவை. ஆனால் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. சென்னையில் பழகிய நேத்ரா குமணன் 2021இல் இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்ப்படகோட்டத்துக்குத் தகுதிபெற்ற முதற் பெண் ஆனார். ஹைதராபாத்தின் உசேன் சாகர் ஏரியில் ஒரு கழகம் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துத் தேசியப் போட்டிகளுக்கு அனுப்புகிறது. 2023இல் ஹாங்சூவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் சிறுமியருக்கான பாய்ப்படகோட்டத்தில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், மத்தியப் பிரதேசத்து விவசாயி ஒருவரின் மகள். போபால் ஏரியில் பழகியவர். அந்த மாநிலத்துக்குக் கடற்கரையே கிடையாது.

படகு விடயத்திலும் வழி இருக்கிறது. உலகெங்கும் சிறுவர்கள் பழகும் ‘ஒப்ரிமிஸ்ற்’ படகை 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்தார். அவரிடம் கேட்கப்பட்டது, சாதாரணக் குடும்பம் ஒன்று தன் வீட்டிலேயே ஒட்டுப்பலகையால் செய்துகொள்ளக்கூடிய மலிவான படகு. நீளம் 2.3 மீற்றர், நிறை 35 கிலோகிராம். பதினைந்து வயது வரையான ஒரு பிள்ளை தனியாக ஓட்டலாம். இன்று கடையில் புதிதாக வாங்கினால் அதுவும் பல இலட்சம் ரூபாய். ஆனால் பயிற்சிப் படகு கடையில் வாங்கியதாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒட்டுப்பலகையில் ஒன்று செய்வது எங்கள் ஓடாவிமாருக்குப் பெரிய வேலையல்ல. வெளிநாட்டு உறவுகள் பத்துப் படகு வாங்கி அனுப்புவதைவிட, ஒரு படகை இங்கே செய்ய உதவினால் அடுத்த ஒன்பதையும் இங்கேயே செய்யலாம்.

எங்களுக்கு மிக அருகில் இன்னுமொரு பாடம் இருக்கிறது. பாக்குநீரிணைக்கு அப்பால், இராமநாதபுரம் மாவட்டத்தின் தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை போன்ற கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. ஒரு படகில் ஐந்தாறு பேர்; பாரத்துக்கு மணல் மூட்டை; கடலுக்குள் ஓர் எல்லையைச் சுற்றித் திரும்பிவரவேண்டும். அங்கே கழகமும் இல்லை, உறுப்பினர் சந்தாவும் இல்லை. கோயிலும் ஊரும் பரிசுத்தொகையும்தான். தென்னிலங்கையில் நீர்கொழும்பின் ஒருவைப் படகுகளும் இப்படிப் போட்டிக்கு இறங்குவதுண்டு. எங்கள் துறைகளின் கோயில், தேவாலயத் திருநாள்களில் படகுப்போட்டி புதிதல்ல. அதில் பாய்ப்படகுக்கு ஒரு பிரிவைச் சேர்ப்பதுதான் கழகத்தின் முதற் பருவமாக இருக்கலாம்.

அப்படி ஒரு போட்டியில் பாசையூர்ப் பிள்ளையும் கோண்டாவில் பிள்ளையும் ஒரே கோட்டுக்குப் பின்னால் ஐந்து நிமிடம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, யாருக்குக் காற்று கூடுதலாகத் தெரியும் என்று ஊகிப்பது கடினமல்ல. கடல் தெரிந்திருப்பது ஒரு தகுதி என்பதை மற்றப் பிள்ளை முதன்முறையாகக் கண்ணால் பார்க்கும். கடற்றொழிலாளியின் பிள்ளைக்கும் அது ஒருவேளை முதன்முறையாகத்தான் இருக்கும். இந்தக் கழகப் பேச்சை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

சோழகத்துக்கும் வாடைக்கும் தனித்தனிப் பாய் வைத்திருந்ததாக என் தாத்தா சொல்லுவார். இரண்டும் எப்படி வேறுபடும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை. ஆனால் அவருடைய வயதை நெருங்கியவர்கள் சிலர் இன்னமும் மாலையில் துறையில் வந்து அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த தைக்கு முன்பு செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில், படகு விலை கேட்பதற்கு மேலே, அவர்களிடம் போய் அமர்வதை எழுதிவைத்திருக்கிறேன்.